கடலோர ஊரில் நடையையும் நிதானத்தையும் அளப்பது எப்படி? களவேலைக்கான முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு மீன் ஏலக்கூடம். வழவழப்பான சிமெண்டுத் தரை, மேலே கூரை, நல்ல நிழல். நடைவேகம் அளக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று இரண்டு நாளில் முப்பத்தொரு பேரை அளந்து முடித்தோம். மூன்றாம் நாள் காலையில் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊற்றிய தண்ணீர் அத்தனையும் ஒரே பக்கமாகக் கடலைப் பார்த்து ஓடியது. மீன் கழுவும் தண்ணீர் தேங்காமல் வடியவேண்டும் என்று தரையையே சரிவாகத்தான் போட்டிருக்கிறார்கள். நாங்கள் அளந்த எல்லோரும் அந்தச் சரிவில் இறங்கியே நடந்திருந்தார்கள். முப்பத்தொரு தாளையும் ஒதுக்கி வைத்தோம்.

இது ஆய்வகம் இல்லாமல், இரண்டு போன், ஒரு டேப், ஒரு நாற்காலி ஆகியவற்றோடு ஊருக்குள் போய் நடைக்கோளாறும் தள்ளாட்டமும் அளக்கப்போகும் பிசியோதெரபி, பயோமெக்கானிக்ஸ் மாணவர்களுக்காக எழுதியது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கணக்குப் போடுவதில் தடுக்கி விழுவதில்லை. ஆள் முதல் எட்டு வைப்பதற்கு முன்பே தவறு நடந்துவிடுகிறது. அதனால் முதல் பாதியை நீளமாக எழுதியிருக்கிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"மீனவர்களின் நடையை ஆராய்தல்" என்பது தலைப்பு. அதை வைத்து எதையும் அளக்க முடியாது. "சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன பெண்கள், அதே வயதில் மரத்துப்போகாதவர்களைவிட மெதுவாக நடக்கிறார்களா?" என்றால் யாரைச் சேர்ப்பது, எதை அளப்பது, எதை விடுவது எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

வேகம் மட்டும் போதுமென்றால் வாட்ச் போதும். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று தெரியவேண்டுமென்றால் வீடியோ வேண்டும். எட்டுக்கு எட்டு நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் கேள்வியென்றால் இடுப்பில் சென்சார் கட்டவேண்டும். எல்லாவற்றையும் அளந்துவிட்டுப் பிறகு கேள்வியைத் தேடலாம் என்று கிளம்பினால் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நாலாவது ஆள் வீட்டுக்குப் போய்விடுவார்.

2. அனுமதியும் ஒப்புதலும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளின்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வருமுன் ஒருவரைக்கூட அளக்கக்கூடாது. "சும்மா ஒரு ட்ரையல்" என்று எடுத்தது பிறகு கட்டுரையில் எட்டிப்பார்க்கும்.

ஊர்த் தலைவர், ஜமாத், மீனவர் சங்கம் என்று பெரியவர்களைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் ஊருக்குள் இறங்கவேண்டும். அது மரியாதை. ஆனால் தலைவர் சரி என்றதும் ஊரே சரி என்றதாக ஆகாது. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கவேண்டும். கைநாட்டு வைப்பவர் என்றால் உங்கள் குழுவில் இல்லாத ஒருவர் சாட்சியாக இருந்து, படித்துக் காட்டியதைக் கேட்டுக் கையெழுத்திட வேண்டும்.

வீடியோவுக்குத் தனி ஒப்புதல் வாங்குங்கள். கீழக்கரையில் ஒரு ராத்தா எல்லாச் சோதனைக்கும் ஒத்துக்கொண்டு, போனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த முயலவேண்டாம். பெண் ஆய்வாளர் சென்சாரைக் கட்டி, வீடியோ இல்லாமல் அளந்துகொள்ளலாம். அதற்கு உங்கள் படிவத்தில் முன்கூட்டியே இடம் இருக்கவேண்டும். இல்லையென்றால் அவரை மொத்தமாகவே இழப்பீர்கள்.

3. பையில் என்னென்ன

முப்பது மீட்டர் டேப், ரசமட்டம், இரண்டு ஸ்டாப்வாட்ச், முக்காலியோடு ஒரு போன், சென்சாராக இடுப்பில் கட்ட இன்னொரு போன், அகலமான எலாஸ்டிக் பெல்ட், ஒரு மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த குச்சி, ரத்த அழுத்த மானி, பாதத்தின் தொடு உணர்ச்சி பார்க்க 10 கிராம் மோனோஃபிலமெண்ட் (நைலான் இழை), அதிர்வு உணர்ச்சி பார்க்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, பருத்தித் துண்டு நாலு, சாக்பீஸ், பென்சில்.

பேனா வேண்டாம். வியர்வைக் கை பட்டால் மை ஊறிவிடும். தரையில் ஒட்டும் டேப்பையும் நம்பாதீர்கள். மணலும் உப்பும் படிந்த தரையில் பத்து நிமிஷத்தில் சுருண்டுகொண்டு வரும், அதில் கால் தட்டும். சாக்பீஸ் கோடு போதும். கோட்டின் இரு முனையிலும், நடைபாதைக்கு வெளியே, ஒரு செங்கல் வையுங்கள்.

நாற்காலியைச் சொல்ல மறந்துவிட்டேன். ஊரில் கிடைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள் உயரத்தில் ஒன்றுபோல் இருக்காது, உட்கார்ந்தால் கால் விரியும். ஒரே மர நாற்காலியை எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு போங்கள். ஆட்டோக்காரர் அண்ணன் சிரிப்பார், பரவாயில்லை.

4. நாளும் நேரமும்

கடலோரத்தில் இதைக் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. விசைப்படகு கரை திரும்பும் காலையில் ஜெட்டியில் நின்றால் ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள். ஆனால் ராத்திரி முழுக்கப் படகில் நின்றவருக்குக் கரையில் இறங்கிய பிறகும் தரை ஆடுவதுபோல் இருக்கும். படகின் ஆட்டத்துக்கு ஏற்ப உடம்பைப் பிடித்துக்கொள்ளப் பழகிய மூளை, ஆடாத தரைக்குத் திரும்பச் சற்று நேரம் எடுக்கும். கால்களையும் அகட்டி வைத்துத்தான் நிற்பார். அந்த நேரத்தில் அளந்தால் கிடைப்பது கடலின் ஆட்டம். எங்கள் விதி: கரையில் ஒரு முழு இரவு தூங்கி எழுந்த பிறகே அளவு. கடைசியாகக் கடலுக்குப் போய் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைத் தாளில் எழுதியே ஆகவேண்டும்.

பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் இதே கதைதான். பாம்பன் பக்கம் இடுப்பளவு தண்ணீரில், பாறையில் கால் ஊன்றி, குனிந்து குனிந்து மணிக்கணக்கில் வேலை. கரையேறிய கையோடு நிற்கச் சொன்னால் அளவில் ஏறுவது களைப்புதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், ஆள் கிடைப்பது சுலபம். ஆனால் தடைக்காலத்தில் பாதியும் தொழில் காலத்தில் பாதியும் அளந்து ஒரே அட்டவணையில் போடாதீர்கள். வேலையின் அளவு மாறினால் காலின் களைப்பும் மாறும். நோன்பு மாதத்தில் பிற்பகல் அளவும் வேண்டாம்.

காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை நல்ல நேரம். அதற்கு மேல் வெயிலில் தரை கொதிக்கும், வெறுங்காலில் யாரும் இயல்பாக நடக்கமாட்டார்கள். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் திறந்த வெளியை நினைத்தும் பார்க்கவேண்டாம். முக்காலி நடுங்கும், கோட்டின்மேல் மணல் ஏறும், சேலைத் தலைப்பு முழங்காலை மூடும்.

5. தரையை அளந்த பிறகுதான் ஆளை

பள்ளிக்கூட வராந்தா, புயல் பாதுகாப்பு மையத்தின் கூடம், சமுதாயக் கூடம் இவை சரிப்படும். குறைந்தது எட்டு மீட்டர் நேர் ஓட்டம் வேண்டும். ரசமட்டத்தை நடைபாதை நெடுக மீட்டருக்கு ஒரு தடவை, நெடுக்கும் குறுக்குமாக வையுங்கள். அதோடு ஒரு சொம்பு தண்ணீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள். அது ஓடாமல் அங்கேயே பரவி நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

தண்ணீர் காய்ந்த பிறகு பெருக்குங்கள். சிமெண்டுத் தரையில் மெல்லிய மணல் உருளை மாதிரி வழுக்கும். வயதானவர்கள் அதை உணர்ந்ததும் எட்டைக் குறுக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு ஐந்து பேருக்கும் ஒருமுறை விளக்குமாறு போடும் வேலையைக் குழுவில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

கடற்கரை மணலிலேயே அளக்கவேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஈர மணலும் காய்ந்த மணலும் வேறு வேறு. அது தனி ஆய்வு. இதோடு சேர்த்துக் குழப்பவேண்டாம்.

6. உட்கார வைத்துக் கேட்பதும் பாதத்தைப் பார்ப்பதும்

"போன வருஷத்தில் விழுந்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். படகில் விழுவதை யாரும் விழுந்த கணக்கில் வைப்பதில்லை. அது தொழிலோடு வருவது. "வலை இழுக்கும்போது, படகில் ஏறும்போது, கிணற்றடியில், குளிக்கும் இடத்தில், வழுக்கியோ தடுக்கியோ கிறுகிறுத்தோ உட்கார்ந்துவிட்டீர்களா?" என்று இடம் இடமாகக் கேளுங்கள். வருஷக் கணக்கும் நினைவில் நிற்காது. "போன தடைக்காலம் தொடங்கினதிலிருந்து" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

அடுத்து ரத்த அழுத்தம். ஐந்து நிமிஷம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்ற முதல் நிமிஷத்தில் ஒன்று, மூன்றாம் நிமிஷத்தில் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அவருடைய தள்ளாட்டத்துக்குக் காரணம் காலில் இல்லாமலும் இருக்கலாம். மேல் அளவு 180ஐத் தாண்டினால் அன்று அவரை அளப்பதில்லை என்று வைத்திருக்கிறோம்.

பிறகு இரண்டு பாதங்களையும் திருப்பிப் பார்க்கவேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் தலையாட்டுவார்கள், களத்தில் மறந்துவிடுவார்கள். ஒருமுறை தேவிபட்டினம் பக்கம் ஒரு பெரியவரை மூன்று கோணத்தில் வீடியோ எடுத்து, "வலது காலை ஊன்றும் நேரம் குறைவு, பக்கவாதமா?" என்று ஒரு மாணவர் எழுதி வைத்திருந்தார். நான் போய் உட்கார்ந்து, "ஐயா, காலைக் காட்டுங்க" என்றேன். குதிகாலுக்குச் சற்று முன்னால், கறுத்த புள்ளி. சீமைக்கருவேல முள். அவரே ஊக்கைக் கழற்றி, நாலு நெம்பு நெம்பி வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதுக்குப்போயா தம்பி இம்புட்டு நேரம் படம் புடிச்சீங்க?" முள் எடுத்தவரை அன்றைக்கு அளக்கக்கூடாது, புண் ஆறிய பிறகு வரச் சொல்லுங்கள்.

மோனோஃபிலமெண்டை நுனி வளையும் வரை மட்டும் அழுத்தவேண்டும். வாழ்நாள் முழுக்க வெறுங்காலில் நடந்தவர்களுக்குப் பாதம் காய்த்திருக்கும். காய்ப்பின்மேல் குத்திவிட்டு "உணர்ச்சி இல்லை" என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. காய்ப்பு இல்லாத இடத்தில் வையுங்கள். சங்கு குளிக்கப் போனவர்களிடம் காதைப் பற்றியும் கேளுங்கள். நீர் அழுத்தத்தால் உட்காது அடிபட்டிருந்தால் நிதானம் கெடும்.

கடைசியாகக் கால் நீளம்: இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் தொடை எலும்பின் மேல்முனையிலிருந்து தரை வரை. இது எதற்கு என்று 13ஆம் பகுதியில் தெரியும்.

7. நிற்கும் சோதனை முதலில்

நடக்கவிடுமுன் நிற்க வைப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, களைப்பு ஏறாமல் நிதானத்தை அளக்கலாம். இரண்டு, நிற்கத் தடுமாறுகிறவர் யார் என்று தெரிந்துவிட்டால் அவர் நடக்கும்போது பக்கத்தில் யார் போகவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வரிசை: பாதங்கள் சேர்த்து 10 விநாடி, ஒரு குதிகால் மற்றப் பெருவிரலின் பக்கத்தில் வரும்படி 10 விநாடி, ஒன்றின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொட ஒரே கோட்டில் 10 விநாடி. ஒன்றில் நிற்க முடியாவிட்டால் அடுத்ததற்குப் போகவேண்டாம். தாங்கும் தளம் குறையக் குறைய உடம்பின் எடைமையத்தை அதற்குள் வைத்திருப்பது கடினமாகும். அந்த ஏற்றத்தில் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதுதான் கேள்வி. நேரே கடைசிப் படிக்குத் தாவினால் "முடியவில்லை" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

இடுப்பில் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். உதவியாளர் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் நின்று, துண்டின் முடிச்சுக்கு அருகே கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும், பிடிக்கக்கூடாது. ஒரு விரல் பட்டாலே ஆட்டம் குறைந்துவிடும். அந்த நிலைக்கு வரும் வரை மட்டும் கையைப் பிடித்துக்கொண்டிருந்து, விட்ட கணத்தில் வாட்சைத் தொடங்குங்கள்.

கண்ணை மூடும் சோதனை, நிற்கும் சோதனைகளின் இறுதியில், சுவர் மூலையில். கண் திறந்தால் நன்றாக நின்று, மூடியதும் சட்டென்று சாய்கிறவருக்குப் பாதத்தின் உணர்ச்சியோ உட்காதோ சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். மோனோஃபிலமெண்ட் முடிவோடு ஒப்பிடுங்கள்.

8. நடைவேகம்

எட்டு மீட்டர் பாதை. முதல் இரண்டு வேகம் எடுக்க, நடு நாலு அளக்க, கடைசி இரண்டு நிதானமாக நிற்க. முன்பின் இடம் விடாவிட்டால், கிளம்பும் தயக்கமும் நிற்கும் தயக்கமும் வேகத்தோடு கலந்துவிடும். ஆனால் எஸ்பிபிபி (நிற்பது, நடப்பது, உட்கார்ந்து எழுவது மூன்றுக்கும் சேர்த்து மதிப்பெண் தரும் சோதனைத் தொகுப்பு) மதிப்பெண் போடுவதாக இருந்தால் அதன் விதிப்படி நின்ற இடத்திலிருந்தே கிளம்பவேண்டும். இரண்டில் எது என்பதை முதல் நாளே முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள்.

சொல்லும் வாசகம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். "நல்லா நடங்க" என்றால் தேர்வு என்று நினைத்து வேகமாகப் போவார்கள். "மெதுவா, பத்திரமா" என்றால் ஊர்ந்து போவார்கள். நாங்கள் சொல்வது: "வழக்கமா கடைக்கு நடக்குற மாதிரி நடந்து, அந்தச் செங்கல்லைத் தாண்டிப் போய் நில்லுங்க." தாண்டி என்பது முக்கியம். இல்லாவிட்டால் செங்கல்லைப் பார்த்ததும் நடை தளரும்.

கூடப் போகிறவர் அரை எட்டு பின்னால் போகவேண்டும். பக்கத்தில் போனால் நம் வேகத்துக்கு அவர் இழுபடுவார். சுற்றி நிற்கும் பிள்ளைகளையும் அனுப்பிவிடுங்கள். "அப்பத்தா, ஓடு ஓடு!" என்று ஒரு குரல் வந்தால் போதும்.

முதல் பாதம் கோட்டைத் தாண்டித் தரையைத் தொடும்போது வாட்ச் ஓடவேண்டும், முடிவிலும் அப்படியே. கையில் அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினால், நாலு விநாடியில் நடப்பவருக்கு அது 5 சதவீதப் பிழை. பத்து மீட்டர் நீளம் கிடைத்தால் பிழை இன்னும் குறையும். சிறிய வீட்டு முற்றத்தில் மூன்று மீட்டர்தான் கிடைக்கிறது என்று அங்கே மட்டும் மாற்றி அளந்தால் அந்த எண் மற்றவற்றோடு சேராது.

இரண்டு தடவை நடக்கவிட்டு இரண்டையும் எழுதுங்கள். சராசரியா, சிறந்ததா என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

9. எழுந்து, நடந்து, திரும்பி, உட்காருதல்

46 சென்டிமீட்டர் உயர நாற்காலி, மூன்று மீட்டரில் ஒரு குறி. எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்காரும் வரை நேரம். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நாற்காலி முதுகு சுவரில் முட்டட்டும்.

மொத்த நேரத்தை மட்டும் குறிக்காமல் திரும்பும்போது எத்தனை எட்டு வைத்தார் என்றும் எண்ணுங்கள். நேராக நன்றாக நடந்து, திரும்பும் இடத்தில் ஐந்தாறு குட்டி எட்டுகள் வைக்கிறவரை வாட்ச் மட்டும் பார்த்தால் தப்பவிடுவோம்.

ஐந்து முறை உட்கார்ந்து எழும் சோதனை வைத்திருந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசி. தொடை களைத்துவிடும், அதற்குப் பின் எடுக்கும் எந்த நடையும் அவருடைய வழக்கமான நடையாக இருக்காது.

10. வீடியோ எடுப்பது

போன் நடைபாதைக்குச் செங்குத்தாக, இடுப்பு உயரத்தில், ஐந்து மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். சாய்வாக வைத்தால் எட்டு சுருங்கித் தெரியும், மூட்டுக் கோணமும் பொய்யாகும்.

அளவுக் குச்சியை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வசதியாகச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். போனிலிருந்து ஆள் ஐந்து மீட்டர், சுவர் ஆறு மீட்டர் என்று வையுங்கள். குச்சி தூரத்தில் இருப்பதால் சிறியதாகத் தெரியும். அதை வைத்து அளந்தால் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள எட்டு, 72 சென்டிமீட்டர் என்று வரும். ஒரு மீட்டர் சோம்பலுக்கு 20 சதவீதப் பிழை. ஆள் நடக்கும் கோட்டின்மேலேயே குச்சியை வைத்து ஒருமுறை படம் எடுத்து, பிறகு எடுத்துவிடுங்கள். போனை நகர்த்தினால் மறுபடியும் குச்சி.

விநாடிக்கு 30 பிரேம் என்றால் பிரேமுக்கு 33 மில்லிவிநாடி. நிதானமாக நடப்பவரின் ஒரு நடைச் சுற்று (ஒரு கால் தரையைத் தொட்டு, அதே கால் மறுபடி தொடும் வரை) சுமார் 1.1 விநாடி, சுற்றுக்குச் சுற்று அது மாறுவது 2 சதவீதம் என்றால் 22 மில்லிவிநாடி. ஒரு பிரேமுக்குள்ளேயே அது மறைந்துவிடும். அதனால் 30 பிரேம் வீடியோவிலிருந்து நேர மாறுபாட்டைக் கணக்கிடவே கூடாது. கோணமும் எட்டு நீளமும் பார்க்கலாம்.

240 பிரேமில் எடுத்தால் இன்னொரு வம்பு. ஸ்லோமோஷன் கோப்பைப் பல போன்கள் 30 பிரேமாக மாற்றிச் சேமிக்கும். நாலு விநாடி நடை 32 விநாடியாக நீளும். ஒரு மாணவியின் அட்டவணையில் எல்லோருமே நத்தை வேகத்தில் இருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. ஓடும் ஸ்டாப்வாட்ச்சை முதலில் ஒருமுறை படம் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கைலியை மடித்துக் கட்டச் சொன்னால் முழங்கால் தெரியும். சேலையில் தெரியாது. கால்சட்டை தந்து மாற்றச் சொல்வது நடக்காத காரியம், தேவையும் இல்லை. சேலை கட்டியவருக்குக் கணுக்காலையும் பாதத்தையும் மட்டும் எடுங்கள். தானாக மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் சேலை மடிப்பையே முழங்கால் என்று காட்டும், அதையும் முழு நம்பிக்கையோடு. கினோவியா போன்ற இலவச மென்பொருளில் கையாலேயே புள்ளி வைப்பது மேல்.

11. இடுப்பில் போன்

ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் முடுக்கமானியை (போனின் அசைவைப் பதியும் சென்சார்) திறந்து, எலாஸ்டிக் பெல்ட்டால் போனைக் கீழ்முதுகில், இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டத்துக்குச் சற்றுக் கீழே கட்டுங்கள். உடம்பின் எடைமையம் அதற்குப் பக்கத்தில் இருப்பதால் ஒவ்வொரு எட்டும் அங்கே தெளிவாகப் பதியும்.

பெல்ட் தளர்ந்திருந்தால் போனின் குலுங்கலே பதிவாகும். கட்டியதும் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். சுலபமாக நுழைந்தால் இன்னும் இறுக்கவேண்டும். நடக்குமுன் ஐந்து விநாடி அசையாமல் நிற்கட்டும், போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பிறகு திருத்த அது வேண்டும். வீடியோவோடு பொருத்த, போனை மூன்று தட்டு தட்டுங்கள். வீடியோவில் கை தெரியும், சென்சார் வரைபடத்தில் முள்போல் மூன்று முனை தெரியும்.

திரை தானாக அணைந்தால் சில போன்களில் பதிவும் நின்றுவிடும். அமைப்பில் போய் மாற்றுங்கள். அழைப்பு வராமலிருக்க ஏரோபிளேன் மோட்.

மாறுபாட்டைக் கணக்கிட நாலு மீட்டர் நடை போதாது. அதில் நாலைந்து சுற்றுகூட வராது. வராந்தாவில் இரண்டு மூன்று நிமிஷம் போய்வர விட்டு, திரும்பும் இடங்களை வெட்டிவிட்டு, குறைந்தது ஐம்பது சுற்று சேருங்கள்.

12. கவனத்தைப் பிரித்து நடக்க வைப்பது

மனக்கணக்குப் போட்டபடி நடக்கச் சொன்னால் நடை எவ்வளவு கெடுகிறது என்பது நல்ல அளவு. வழக்கமாக 100லிருந்து மூன்று மூன்றாகக் குறைக்கச் சொல்வார்கள். தங்கச்சிமடத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் அதை எங்கள் மாணவர்களைவிட வேகமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். அவருக்கு அது சுமையே இல்லை. சரி, மீன் பெயர் சொல்லச் சொல்லலாமே என்றால், கடலுக்குப் போகிறவருக்குச் சூடை, நகரை, ஊளி, பாறை, விளமீன் என்று வந்துகொண்டே இருக்கும். வீட்டோடு இருப்பவருக்கு வராது.

அதனால் எந்த வேலையைக் கொடுத்தாலும், முதலில் உட்கார்ந்தபடி அதே வேலையைச் செய்யவிட்டு மதிப்பெண் எடுங்கள். நடக்கும்போது நடையும் வேலையும் இரண்டும் எவ்வளவு குறைந்தன என்று பார்க்கவேண்டும். சிலர் பேச்சை நிறுத்திவிட்டு நடப்பார்கள், சிலர் நின்றுகொண்டு பேசுவார்கள். இரண்டுமே தகவல்.

13. அன்று இரவே, அப்புறம் கணக்கு

கோப்புகளுக்கு அன்றிரவே குறியீட்டு எண் கொடுத்து இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனியாக, பூட்டி. வீடியோவில் முகத்தை மங்கலாக்குங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால், வி-0032 யாருடைய வீடியோ என்பது கடவுளுக்கும் தெரியாது.

பத்துப் பேரையாவது ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில், அதே இடத்தில் திரும்ப அளக்கவேண்டும். உங்கள் அளவில் எவ்வளவு தானாகவே ஆடுகிறது என்று இது ஒன்றுதான் சொல்லும். உதாரணமாக, நடைவேகத்தில் உங்கள் அளவீட்டுப் பிழை விநாடிக்கு 0.04 மீட்டர் என்றால், அதை 1.96ஆலும் இரண்டின் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் 0.11. அதற்குக் குறைந்த மாற்றம் அளவின் ஆட்டமாகவே இருக்கலாம். ஒருவர் பயிற்சிக்குப் பின் 0.07 கூடியிருக்கிறார் என்றால் அந்த ஒருவரைப் பற்றி மகிழ்ந்து எழுத முடியாது.

எட்டையும் சுற்றையும் குழப்பாதீர்கள். வலது குதிகாலிலிருந்து இடது குதிகால் வரை ஒரு எட்டு. வலதிலிருந்து மறுபடி வலது வரை ஒரு சுற்று. ஒரு கட்டுரையின் சுற்று நீளத்தோடு தன் எட்டு நீளத்தை ஒப்பிட்டு, "நம் ஊர்க்காரர்கள் பாதி தூரமே எட்டு வைக்கிறார்கள்" என்று எழுதியவரை எனக்குத் தெரியும்.

குட்டையானவரையும் நெட்டையானவரையும் நேராக ஒப்பிடக்கூடாது. வேகத்தை, கால் நீளத்தை 9.81ஆல் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 0.75 மீட்டர் கால் உள்ளவர் 0.95 வேகத்தில் நடப்பதும், 0.9 மீட்டர் கால் உள்ளவர் 1.04 வேகத்தில் நடப்பதும் கணக்கில் ஒன்றே: இருவருக்கும் 0.35.

இன்னொரு பொறி, இதில் அனுபவமுள்ளவர்களும் விழுவார்கள். வழக்கமான வேகத்தில் பாதம் தரையில் இருப்பது சுற்றில் 60 சதவீதம், காற்றில் 40. இரு பாதமும் ஒன்றாகத் தரையில் இருப்பது மொத்தம் 20 சதவீதம். மெதுவாக நடந்தால் யாருக்கும் இது கூடும், உங்களுக்கும் எனக்கும்கூட. நோயாளிக்கு இரு பாத நேரம் கூடியிருக்கிறது என்று எழுதுமுன், ஆரோக்கியமானவரையும் அதே மெதுவான வேகத்தில் நடக்கவிட்டு ஒப்பிட்டீர்களா என்று பாருங்கள்.

மெதுவான நடை எது என்று பிரிக்க வெட்டுக்கோடு வேண்டுமென்றால், ஆசிய சர்கோபீனியா (வயதால் தசை குறைதல்) குழு 2019இல் வைத்தது விநாடிக்கு 1.0 மீட்டர், ஐரோப்பியக் குழு வைத்திருப்பது 0.8. எதை எடுத்தாலும் பெயரைச் சொல்லி எடுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு மாற்றாதீர்கள்.

இதோடு ஒன்றை நேர்மையாக எழுதவேண்டும்: முகாமுக்கு வந்தவர்கள் எல்லோரும் நடந்து வர முடிந்தவர்கள். உண்மையில் தேடவேண்டியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பணியாளர்களுக்கு அந்தத் திண்ணைகள் தெரியும். அவர்களிடம் கேட்டு வீட்டிலேயே போய், நிற்கும் சோதனையாவது எடுங்கள்.

14. அளந்தவருக்கு என்ன சொல்லி அனுப்புவது

"நான் பாஸா தம்பி?" என்று எப்படியும் கேட்பார்கள். கையில் ஒரு சீட்டு கொடுங்கள்: ரத்த அழுத்தம், நாலு மீட்டர் நேரம், எந்த நிலை வரை நின்றார், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா. தமிழில், பெரிய எழுத்தில். நோயின் பெயர் எதையும் எழுதாதீர்கள்.

பாதம் மரத்திருந்தாலோ, எழுந்ததும் அழுத்தம் இறங்கினாலோ, வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் விழுந்திருந்தாலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரையும் போகவேண்டிய கிழமையையும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். கிழமையை எழுதுமுன் அவர் வீட்டுப் படகு கடலுக்குப் போகும் நாள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டிப்போக அன்று ஆள் இருக்காது.